'துணைபுரியும்' என்னும் சொல்: தோல்நலமும் நுண்ணங்கிக் குளிசைகளும்

நாளொன்றுக்கு ஒரு குளிசை. சில வாரங்களில் மாசற்ற முகம். மருந்தகங்களின் கண்ணாடி அலுமாரிகளிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் இளைஞரை நோக்கி நீட்டப்படும் வாக்குறுதி இதுவேயாகும். குடலில் வாழும் நன்மைதரு பற்றீரியாக்களை நாள்தோறும் உட்கொள்வோர்க்கு முகப்பரு மறையும், கரப்பன் தணியும், தோல் பொலிவுறும் என்பது இவ்வாக்குறுதியின் சாரம். 'புறோபயோற்றிக்' என்ற பெயரே இதற்கு ஒரு விஞ்ஞான மேலாடையை அளித்துள்ளது. அம்மேலாடையை விலக்கி உள்ளே இருப்பது யாதென நோக்குதல், விஞ்ஞானம் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் உரிய கடமையாகும்.

முதற்கண் ஒன்று ஒப்புக்கொள்ளற்பாலது. இவ்வாக்குறுதி முற்றான கற்பனையில் எழுந்ததன்று. நிர்ப்பீடனம் பற்றிய ஆய்வுக்காக 1908 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலி மெச்னிக்கோவ், பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவகத்திலிருந்து பணியாற்றியவர். பல்கேரியக் குடியானவர் நெடுங்காலம் வாழ்வதற்கு அவர்கள் அருந்தும் புளித்த பாலே காரணமெனக் கருதிய அவர், குடலில் நச்சுப் பொருள்களைத் தோற்றுவிக்கும் பற்றீரியாக்களை இலற்றிக்கமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்கள் அடக்குமென விளக்கினார். அவரும் புளித்த பாலை அருந்தி வந்தார். 1916 இல் தமது 71 ஆவது வயதில் காலமானார். இதனைக் காட்டி அவரது கொள்கையை எள்ளி நகையாடுவோர் உளர். அஃது அறமான வாதமன்று. தனி ஒருவரின் ஆயுள் ஒரு கொள்கையை நிறுவவும் மாட்டாது, வீழ்த்தவும் மாட்டாது. ஆயின் இதே நியாயம் மறுதரப்புக்கும் பொருந்துதல் வேண்டும். தனி ஒருத்தியின் முகம் தெளிந்தது என்ற சாட்சியமும் எதனையும் நிறுவ மாட்டாது. குளிசை வணிகமோ இத்தகைய சாட்சியங்களின் மீதே தன் மாளிகையைக் கட்டியுள்ளது.

குடலையும் தோலையும் இணைத்து நோக்கும் சிந்தனையும் புதியதன்று. 1930 இல் அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர்களான ஸ்ரோக்ஸ், பில்ஸ்பரி ஆகிய இருவரும், மனக்கலக்கம் குடற் பற்றீரியாக்களை மாற்றக்கூடுமென்றும் அம்மாற்றம் தோலழற்சிக்கு ஏதுவாகலாமென்றும் எழுதினர். அது சிந்தனையைத் தூண்டும் கருதுகோள், நிறுவப்பட்ட முடிபன்று. 1961 இல் போல்ற்றிமோர் நகர மருத்துவர் ஒருவர், முகப்பருவுடைய 300 பேருக்கு இலற்றோபசிலசுக் குளிசைகளை வழங்கி, அவர்களுள் 80 வீதமானோர் ஓரளவேனும் தேறியதாக அறிவித்தார். அவ்வாய்வில் ஒப்பீட்டுக்கென ஒரு கட்டுப்பாட்டுக் குழு இருக்கவில்லை. முகப்பருவோ கூடியும் குறைந்தும் வருவது; மிகுந்திருக்கும் வேளையிலேயே மருந்தை நாடுவது மனித இயல்பு. மிகுந்தது பின்னர் எவ்வித உதவியுமின்றியே குறைதலும் கூடும். எனவே குளிசை உண்ணாத 300 பேர் எவ்வாறிருந்தனர் என அறியாதவரை, 80 வீதம் என்ற எண் கேட்டற்கு இனிதேயன்றி வேறொன்றுமில்லை.

கட்டுப்பாட்டுக் குழுவுடன் கூடிய ஆய்வுகள் கூறுவது யாது? 2001 இல் பின்லாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வு பெரும் நம்பிக்கையை விதைத்தது. ஒவ்வாமை நோய்ப் பரம்பரையுடைய குடும்பங்களில் மகப்பேற்றுக்கு முன் தாய்மாருக்கும், பின்னர் ஆறு மாதங்கள் வரை தாய்க்கு அல்லது சேய்க்கும் ஒரு குறித்த இலற்றோபசிலசு வகை வழங்கப்பட்டது. இரண்டு வயதில் கரப்பன் கண்ட பிள்ளைகள் அக்குழுவில் 23 வீதம். போலிக் குளிசை பெற்ற குழுவில் 46 வீதம். ஆயின் 2008 இல் ஜேர்மனியில் அதே வகை பற்றீரியாவைக் கொண்டு இத்தகைய பரிசோதனை நடத்தப்பட்டபோது இரு குழுக்களுக்குமிடையே பொருளுள்ள வேறுபாடு காணப்படவில்லை. விஞ்ஞானத்தில் மீளச் செய்து காட்டுதலே உரைகல் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவை நோய் வராமற் காப்பது பற்றியன. வந்த கரப்பனை மாற்றுவது பற்றி 2018 இல் வெளியான கொக்ரேன் மதிப்பீடு, 39 எழுமாற்றுப் பரிசோதனைகளையும் 2,599 நோயாளரையும் கருத்திற்கொண்டது. கிடைக்கக்கூடிய வகைகள் நோயாளர் உணரும் அறிகுறிகளில் மாற்றத்தைச் சிறிதளவே ஏற்படுத்தும், அல்லது ஏற்படுத்தா என்பதே அதன் முடிபு. முகப்பரு தொடர்பிலோ ஆய்வுகள் பெரும்பாலும் சிறியன. வெவ்வேறு வகைகளை வெவ்வேறு அளவுகளிற் பயன்படுத்தியன. நோயற்ற தோலை மேலும் பொலிவுறச் செய்தல் என்ற கூற்றுக்கோ இவ்வளவு ஆதாரமேனும் இல்லை. எனினும் விளம்பரம் உரத்துப் பேசுவது இதனையே.

இவ்விடத்தில் 'வகை' என்பது பற்றிச் சிறிது கூறுதல் தகும். ஒரு நெல்லினம் வெள்ளத்தைத் தாங்கிற்று என்பதாற் களத்திலுள்ள நெல் யாவும் வெள்ளத்தைத் தாங்குமென எந்தக் கமக்காரனும் கருத மாட்டான். பற்றீரியாவிலும் நிலை இதுவே. ஒரே இனத்தைச் சேர்ந்த இரு வகைகள் செயலில் வேறுபடும். ஒரு வகை ஒரு நோயிற் பயன்பட்டது என்ற செய்தி, வேறொரு வகையை வேறொரு நோக்கத்துக்காக விற்பதற்குச் சான்றிதழ் ஆகாது. வணிகமோ 'புறோபயோற்றிக்' என்ற ஒரே குடையின் கீழ் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒன்றின் புகழை மற்றதற்கு ஏற்றி வைக்கின்றது.

அடுத்து அளவுக் கணக்கு. 2016 இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, சராசரி மனித உடலில் வாழும் பற்றீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. இவற்றுட் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. 1,000 கோடி உயிர்க்கலங்கள் கொண்டதென விளம்பரப்படுத்தப்படும் ஒரு குளிசை, அவற்றுள் 3,800 இல் ஒரு பங்கேயாகும். ஆயிரம் கோடி என்ற சொல் வாங்குவோரை வியப்பிலாழ்த்துவது, வகுப்பதற்குரிய எண் மறைக்கப்படுவதனாலேயே. அந்த ஆயிரங்கோடியும் இரைப்பை அமிலத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கும் முன்னர், உற்பத்திச்சாலையிலிருந்து வெப்ப வலய நாட்டின் மருந்தக அலுமாரிவரை உயிரோடு வந்து சேர்ந்தாக வேண்டும். வெப்பமும் ஈரமும் இக்கலங்களைக் கொல்வன. உற்பத்தி நாளில் இருந்த எண்ணிக்கை உண்ணும் நாளிலும் இருக்குமென்பதற்கு உத்தரவாதம் யாது?

சிறிய எண்ணிக்கையும் பெரிய விளைவைத் தரக்கூடும் என வாதிக்கப்படலாம். வாதம் செல்லத்தக்கதே, ஆயின் கூடும் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு விற்போனையே சாரும். 2018 இல் இஸ்ரவேலின் வைஸ்மன் நிறுவக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, உட்கொள்ளப்பட்ட இப்பற்றீரியாக்கள் சிலருடைய குடலிற் குடியேறுவதையும் வேறு சிலருடைய குடல் அவற்றை எதிர்த்து வெளியேற்றுவதையும் காட்டிற்று. பெரும்பாலான வகைகள், உண்பதை நிறுத்தியபின் குடலில் நெடிது தங்குவதில்லை. 'நாள்தோறும்' என்ற சொல்லின் உட்பொருள் இங்கேதான் வெளிப்படுகின்றது. நாள்தோறும் உண்ண வேண்டியிருப்பது குளிசையின் வலிமையாலன்று; அது தங்காமையாலாகும். விஞ்ஞானத்தில் ஒரு குறைபாடு, வணிகத்தில் ஒரு நிரந்தர வருவாயாக மாறிவிடும் விந்தை இது.

அதே நிறுவகத்தின் மற்றோர் ஆய்வு மேலும் கவனத்துக்குரியது. நுண்ணுயிர்கொல்லி மருந்து உண்டபின் இக்குளிசைகளை உட்கொண்டோரில், இயற்கையான குடற் பற்றீரியாக்கள் பழைய நிலைக்கு மீள்வது தாமதமாயிற்று. முகப்பருவுக்காக நுண்ணுயிர்கொல்லிகள் விதிக்கப்படுவது வழக்கம். அவற்றுடன் இக்குளிசைகளையும் சேர்த்து வாங்குவதே அறிவுடைமையெனக் கூறப்படுவதும் வழக்கம். நுண்ணுயிர்கொல்லியால் ஏற்படும் வயிற்றோட்டத்தைக் குறைப்பதிற் சில வகைகள் பயன்படுகின்றன என்பதற்குச் சான்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயின் வயிற்றோட்டத்துக்கான சான்று முகத்துக்கான சான்றாகாது. தீங்கே அற்றவை என்ற கூற்றும் முழுமையானதன்று. 2023 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், மருத்துவமனைகளிற் குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றை வழங்குவதன் ஆபத்துப் பற்றி எச்சரித்தது. நலமுள்ள இளைஞர்க்கு அத்தகைய ஆபத்து மிக அரிது. எனினும் உயிருள்ள ஒரு பொருளை உடலுட் செலுத்துவது, மிட்டாய் உண்பது போன்ற செயலன்று.

இனி, சொல்லாராய்ச்சிக்கு வருதல் வேண்டும். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, 2001 இல் 'புறோபயோற்றிக்' என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. உயிருள்ள நுண்ணங்கியாக இருத்தல், போதிய அளவில் வழங்கப்படுதல், உண்பவருக்குச் சுகாதார நன்மை பயத்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன. அவ்வரைவிலக்கணப்படி, நன்மை நிறுவப்படாத பொருளுக்கு அப்பெயரே உரியதன்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் இத்தகைய பொருள்கள் பற்றிய சுகாதாரக் கூற்றுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து, பெரும்பாலும் யாவற்றையும் நிராகரித்தது. தப்பிப் பிழைத்த கூற்று, தயிரிலுள்ள உயிர்ப் பற்றீரியாக்கள் பால்வெல்லச் சமிபாட்டிற் குறைபாடுடையோர்க்கு உதவும் என்பதேயாம். அதிலே தோலுக்கு இடமில்லை.

ஆகவேதான் விளம்பரதாரர் 'குணப்படுத்தும்' என்று சொல்வதில்லை, 'துணைபுரியும்' என்கின்றனர். 'குணப்படுத்தும்' என்பது பரிசோதிக்கத்தக்க கூற்று. பொய்யெனக் காட்டத்தக்க கூற்று. அவ்வாறு சொன்னால் அப்பொருள் மருந்தாகிவிடும். மருந்துக்குரிய சான்றும் கேட்கப்படும். 'துணைபுரியும்' என்பதோ எதற்கும் பிடிகொடாதது. தோல் தெளிந்தால் துணைபுரிந்தது. தெளியாவிடின் துணை மட்டும் போதவில்லை. பொய்ப்பிக்கவியலாத கூற்று விஞ்ஞானக் கூற்றாகாதென்பதைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவனும் அறிவான். அறிந்தும் மருந்தகத்திற் பணத்தை எண்ணிக் கொடுப்பதே இங்கு வினாவுக்குரியது.

மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டுப் பொருள்களை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் கருத்திற்கொண்டுள்ளது. சட்டத்துக்கு முன்னரே இந்நாட்டில் ஒரு சிந்தனை மரபு இருந்தது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்து என்பது சந்தைப் பண்டமன்று, மக்கள் தேவை என்ற நோக்கினை முன்வைத்தவர். 1971 இல் தோன்றிய அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அவரது உழைப்பின் பயன். பகட்டு வணிகப் பெயர்களைக் களைந்து, பயனும் பாதுகாப்பும் தேவையும் விலையும் நோக்கி மருந்துகளைத் தெரிதல் வேண்டுமென்ற கோட்பாட்டை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த அவர், 1977 இல் காலமானார். 2022 இல் அந்நியச் செலாவணி வரண்டு, அரச மருத்துவமனைகளில் இன்றியமையாத மருந்துகளே தட்டுப்பட்ட நாள்களைக் கண்ட சமுதாயம் அக்கோட்பாட்டை மறத்தல் தகாது. சான்றில்லாத ஓர் இறக்குமதிக் குளிசைக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாவும் அக்கோட்பாட்டுக்கு எதிரான வாக்காகும்.

பண நட்டத்திலும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. அது காலநட்டம். தோல், பல நோய்கள் தம்மை முதன்முதல் அறிவிக்கும் பலகை. உணர்வற்ற வெளிறிய தழும்பு தொழுநோயின் அறிகுறியாகலாம். 1995 இல் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்றும் தொழுநோய் நீங்கியதாக இலங்கையில் அறிவிக்கப்பட்டபோதும், அதன் பின்னரும் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இனங்காணப்பட்டு வந்துள்ளனர். அதற்குரிய கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமானது, முற்றாகக் குணப்படுத்துவது, காலந்தாழ்த்தினாலோ நரம்புகள் சிதைந்து கைகால்கள் ஊனமுறும். மணலீயாற் பரவும் லீஷ்மானியாத் தோல்நோயும் 1992 இல் இங்கு உள்ளூரிற் தொற்றியதாக முதன்முதல் அறியப்பட்டு, பின்னர் பல மாவட்டங்களுக்குப் பரவியது. நோவில்லாப் பருவாகத் தொடங்கும் அதனை முகப்பருவென மயங்குதல் எளிது. இவ்வறிகுறிகளைத் 'தோல்நலக்' குளிசையால் மறைக்க முயன்று மாதங்களைக் கழிப்பவனுக்கு அக்குளிசை எவ்வாறு தீங்கற்றதாகும்? முகப்பருவுக்கேகூடப் பென்சொயில் பேரொட்சைட்டு, இரெற்றினொயிட்டு போன்ற நன்கு பரிசோதிக்கப்பட்ட பூச்சு மருந்துகள் உள.

இறுதியாக, எதிர்த்திசையில் எழும் மற்றொரு மயக்கமும் கண்டிக்கத்தக்கது. அந்நியக் குளிசை எதற்கு, தயிரும் பழஞ்சோறும் உண்டு முன்னோர் மேனி மின்ன வாழ்ந்தனரன்றோ என்று முழங்குவோர் தமிழ் மேடைகளிற் பலர். மட்டக்களப்பு எருமைத் தயிர் சிறந்த உணவு, புரதமும் கல்சியமும் தருவது, சுவையானது. அதனை உண்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆயின் அதுவும் தோல் மருந்தென நிறுவப்பட்டதன்று. வணிகன் சான்றின்றிச் சொன்னால் மோசடி, மரபுவாதி சான்றின்றிச் சொன்னால் பெருமை என்று இரண்டு அளவுகோல்கள் இருத்தல் இயலாது.

எந்த வகைப் பற்றீரியா? எவ்வளவு? எந்நோய்க்கு? யாரோடு ஒப்பிட்டு? உண்ணும் நாளில் உயிரோடுள்ளதா? இவ்வைந்து வினாக்களையும் மருந்தகத்தின் முன்னின்று கேட்கும் ஒரு மாணவ தலைமுறை தோன்றுமாயின், 'துணைபுரியும்' என்னும் சொல் தானாகவே வலுவிழக்கும். அவ்வினாக்களைக் கேட்கக் கற்பியாத விஞ்ஞானக் கல்வி, சான்றிதழைத் தருமேயன்றி அறிவைத் தராது.