நூலகரும் யந்திரமும்

நமது நூலகங்களில் கம்ப்யூட்டர் வந்து அமர்ந்ததிலிருந்து, இனி நூலகர் எதற்கு என்று கேட்போர் சிலர் தோன்றியிருக்கின்றனர். யந்திரமே புஸ்தகத்தின் பெயரைச் சொல்லி, அது இருக்கும் அலமாரியையும் காட்டிவிடுகையில், சம்பளம் கொடுத்து ஒரு மனிதரை வைத்திருப்பது வீண் செலவன்றோ என்பது இவர்கள் வாதம். நூலகரின் வேலை இன்னதென்று அறியாதவர்களே இவ்வாறு பேசத் துணிவார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

அவ்வேலையைச் சற்று நினைவூட்டுவோம். புஸ்தகம் வந்ததும் வரவுப் பதிவேட்டில் எண்ணிட்டு எழுத வேண்டும். ஐந்தங்குல நீளமும் மூன்றங்குல அகலமும் உள்ள அட்டைகளில் ஆசிரியர் பெயருக்கு ஒன்று, நூற்பெயருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என எழுதி, இழுப்பறையில் அகர வரிசையாக அடுக்கிக் கம்பி கோக்க வேண்டும். வாசகர் இரவல் கேட்டால், புஸ்தகச் சீட்டை அவருடைய சீட்டுப் பையில் நுழைத்து, திருப்ப வேண்டிய தேதிவாரியாகத் தட்டில் வைக்க வேண்டும். மாலைக் கூட்டத்தில் ஒரு சீட்டு இடம் மாறிற்றென்றால், மறுநாள் பாதிப் பொழுது அதைத் தேடுவதில் போய்விடும். இத்தனைக்கும் நடுவே வாசகருடன் இரண்டு வார்த்தை பேச அவகாசம் ஏது?

வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதை நூலக விதி ஐந்தனுள் ஒன்றாக 1931-ல் வெளியிட்டவர், சென்னை சர்வகலாசாலை நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன். அதே வருஷத்தில்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புஸ்தகங்கள் சென்றன. வண்டி வந்துவிட்டது, இனி உடன் செல்ல ஆள் வேண்டாம் என்று அன்று எவரும் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை! நியூஜீலந்தில் ஒரு நூலக ஸ்தாபனத்துக்காக எழுதப்பட்டு, 2000-ம் வருஷத்தில் உபயோகத்துக்கு வந்த 'கோஹா' என்னும் மென்பொருளை இன்று உலகத்தார் யாவரும் இலவசமாக எடுத்தாளுகின்றனர். மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருளாம். அதன் உதவியால், இரவல் கொடுத்து வாங்கும் வேலை சில விநாடிகளில் முடிகிறது. பழைய அட்டைகளுக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை.

ஆயின் யந்திரம் அறியாதவை பல. உ. வே. சாமிநாதையரின் பெயரை ஒருவர் அவ்வாறே பதிவார். மற்றொருவர் சுவாமிநாத ஐயர் என்பார். வேறொருவர் ஆங்கில எழுத்தில் தமக்குத் தோன்றியபடி பதிவார். எல்லாம் ஒருவரே என்று அறிந்தவர் சொல்லி வைத்தாலன்றி, யந்திரம் அவரை மூன்று பேராகவே வைத்துக்கொள்ளும். புதுமைப்பித்தனைத் தேடுபவருக்குச் சொ. விருத்தாசலம் அகப்படமாட்டார். தமிழெழுத்துக்கு ஆளுக்கொரு குறியீட்டு முறை வழங்கிய காலத்தில் செய்த பட்டியல்களை யூனிகோட் முறைக்கு மாற்றுகையிலும் ஒவ்வொரு பெயரையும் ஒரு கண் பார்த்தாக வேண்டும். பிழையாகப் பதிந்த புஸ்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததே. அட்டைக் காலத்தில் இழுப்பறையைப் புரட்டும்போது அடுத்த அட்டையாவது கண்ணில் படும். இப்போது திரையில் 'இல்லை' என்ற சொல்லைக் கண்டு வாசகர் திரும்பிப் போய்விடுகிறார்.

இவ்வேலையைச் செய்ய வேண்டியவர்களின் நிலை என்ன? சமீபத்தில் நாம் கண்ட ஒரு கிராம நூலகத்தில், கதவு திறப்பவரும் பெருக்குபவரும் பட்டியலிடுபவரும் ஒருவரே. யந்திரம் வந்தபின் பழைய பதிவேடு நிற்கவில்லை. பதிவேட்டில் எழுதியதையே யந்திரத்திலும் அவர் பதிய வேண்டும். இடையில் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் விண்ணப்பம் அனுப்ப உதவி கேட்டு வருகிறார்கள். யந்திரத்தைப் பழகிக்கொள்ள அவருக்குக் கிடைத்த பயிற்சியோ ஒரே ஒரு நாள்! கை ஓயவேண்டியவருக்கு இரட்டைச் சுமை ஏற்றிவிட்டு, அதற்கு நவீனம் என்று பெயர் சூட்டுவது நியாயமாகாது.

1948-ம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, நூலகத்துக்கென்றே ஜனங்களிடம் தனி வரி வசூலிக்கப்பட்டு வருகிறது. ஆகவே, ஜனங்களுக்கு இதைக் கேட்க உரிமையுண்டு. யந்திரம் வாங்க உத்தரவிடும் அதே கையெழுத்தில், அதை நடத்தத் தேர்ந்த ஆளுக்கும், அவருக்குத் தக்க பயிற்சிக்கும் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். இரட்டைப் பதிவை உடனே நிறுத்த வேண்டும். தமிழ் ஆசிரியர் பெயர்களுக்கு, எல்லா நூலகங்களும் ஏற்கும் ஒரே பட்டியலைத் தயாரிக்க, அனுபவமுள்ள நூலகர்களைக் கொண்ட குழு ஒன்றையும் தாமதமின்றி நியமிக்க வேண்டும்.