தென்னை நிழலில் உறங்கும் நிலம்

தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் குரங்கின்மீது பழிபோடுவது நமது ஆட்சியாளர்க்கு வழக்கமாகிவிட்டது. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிட நேரம், நாடெங்கும் தோட்டங்களில் நின்ற குரங்குகளையும் மயில்களையும் எண்ணச் செய்தனர். எண்ணட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் தென்னைக்கும் தென்னைக்கும் இடையே வறிதே கிடக்கும் மண்ணை அளந்து பார்ப்பார் எவருமிலரே!

கணக்கு எளிது. மரத்துக்கு மரம் இருபத்தாறு அடி விட்டு நட்டால் ஏக்கருக்கு 64 மரம் நிற்கும். ஒரு மரத்துக்கு 676 சதுர அடி கிடைக்கிறது. அம்மரத்தின் உண்ணும் வேர்களிற் பெரும்பகுதி அடியைச் சுற்றி ஆறடிக்குள்ளேயே அமைகின்றது. அவ்வட்டமோ 113 சதுர அடி, அதாவது ஆறில் ஒரு பங்கே. எஞ்சிய ஐந்து பங்கும் புல்லுக்கும் பற்றைக்கும் உரிமையாகி விடுகின்றன.

வெயிலின் கணக்கு வேறு. முதல் ஐந்தாறு ஆண்டு வெயில் தாராளமாக விழும். வாழை, அன்னாசி, இஞ்சி எல்லாம் விளையும். பின்னர் இருபது ஆண்டுவரை ஓலை தாழ்ந்து நிழல் அடர்ந்திருக்கும்; அக்காலத்தில் ஊடுபயிரை வலிந்து திணிப்பது பணத்தைப் புதைப்பதாகும். இருபத்தைந்தைக் கடந்த தோப்பிலோ முடி உயர்ந்து வெயில் மீண்டும் இறங்குகிறது. மிளகுக்கும் கொக்கோவுக்கும் அதுவே தக்க பருவம். இரு தென்னை வரிசைகளின் நடுவே, எட்டடி இடைவெளியில் இரண்டு வரிசைச் சீமைக்கிளுவை நட்டு மிளகை ஏற்றினால், தென்னையிலிருந்து ஒன்பதடி விலகி நிற்கும். தென்னைக்கும் கேடில்லை, தேங்காய் பறிப்பவனுக்கும் இடைஞ்சலில்லை. வெட்டும் தழை தென்னைக்கே உரமாகும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்த அரசினால் திண்டாடிய உழவர்க்கு இத்தழையின் அருமையை நாம் சொல்லவேண்டியதில்லை.

உக்குவளையோ சமநிலமன்று. இங்கே சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து, கல்வரம்பும் வடிகாலும் அமைத்த பிறகே குழி வெட்டவேண்டும். சரிவில் ஆண்டுதோறும் இஞ்சிக்காக மண்ணைக் கிளறுவோர், ஐப்பசி மழையில் தம் மேல்மண்ணை ஓடைக்குத் தாரை வார்க்கின்றனர்.

இதை அறியாமையென்று கூறுவது அநீதி. ஆண்டுக் குத்தகைக்கு நிலம் பிடித்தவன் மூன்றாண்டு காத்திருந்து காய்க்கும் மிளகை எவ்வாறு நடுவான்? அடுத்த ஆண்டு அக்காணி எவர் கையிலிருக்குமோ! ஆகவே அவன் இஞ்சியையே நாடுகிறான். காணி உறுதி இல்லாதவனிடம் பயிர்த்திட்டம் பேசுவது, பசித்தவனுக்கு விருந்தின் பெயரைச் சொல்வது போன்றது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து கால்நடையாய் மாத்தளைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களிற் பலர் இன்றும் லயன் அறையன்றி ஒரு சாண் மண்ணுக்கும் உரிமையற்றிருக்கின்றனர். அந்தக் கோப்பியும் என்னவாயிற்று? 1869இல் தோன்றிய இலைநோய் ஒரே பயிரை நம்பிய மலைநாட்டையே புரட்டிப் போட்டதை மறந்துவிட்டுத் தனித்தென்னையைப் போற்றுவோரை என்னென்பது?

உறுதி உடையவனுக்கும் வழி நேராயில்லை. தென்னை ஒரு சபைக்கு, அதனருகே படரும் மிளகு ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்துக்கு, வாழை விவசாயத் திணைக்களத்துக்கு. அரை ஏக்கர் உழவன் ஒரு தோட்டத்துக்காக மூன்று வாசல்களில் நிற்கிறான். ஒவ்வொரு அதிகாரியும் தம் பயிரை மட்டுமே பார்க்கிறார். தோட்டத்தை முழுதாய்ப் பார்ப்பவர் இல்லை.

மாத்தளையிலேயே ஏற்றுமதிப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; தென்னை ஆராய்ச்சி நிலையம் லுணுவிலவில் இருக்கிறது. இவ்விரண்டும் கூடி, உக்குவளைச் சரிவுக்கேற்ற தோட்ட வரைபடமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வகுத்துப் பிரதேச செயலகத்தில் வைக்கட்டும். மிளகுக் கன்றுக்கான உதவியைக் குத்தகையாளனுக்கும் வழங்கட்டும். குத்தகையைப் பத்தாண்டுக்குக் குறையாமல் எழுதிப் பதிவுசெய்ய வகைசெய்யட்டும். அடுத்த ஐப்பசி மழைக்குமுன் இவற்றுள் முதலாவதையேனும் செய்துமுடிக்க இயலாதென்று எவ்வதிகாரியும் கூறமுடியாது.