ஈரத்துக்கும் ஒரு வரி

நாமக்கல்லில் முட்டை விலை மறுபடியும் ஏறிவிட்டதென்று பத்திரிகைகள் இந்த வாரம் முழுவதும் எழுதிக்கொண்டிருந்தமையால், நானும் அந்த விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாமென்று உத்தேசித்திருந்தேன். பி. வி. ராவ் முதலியோரின் முயற்சியால் 1982ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கும் முறையையும், புரட்டாசி பிறந்தால் நம் பக்கத்தில் முட்டைக்கு மவுசு குறைவதையும், வடநாட்டில் குளிர் தொடங்கியதும் விலை நிமிர்வதையும் சாவகாசமாக விவரிக்கக் குறிப்புகளும் எடுத்து வைத்தாயிற்று. அந்தக் குறிப்புகள் அப்படியே கிடக்கட்டும். முட்டையைவிட முட்டை உட்காரும் அட்டை இப்போது என் மனத்தை அதிகமாக அலைக்கழிக்கிறது. அதற்குக் காரணம் என் அக்காள் மகன் கொண்டுவந்து நீட்டிய ஒரு திட்ட அறிக்கை.

பையன் கெட்டிக்காரன். ராசிபுரம் சாலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, சுற்றிலும் கோழிப்பண்ணைகள், பண்ணைகள் உள்ளவரை முப்பது முட்டை கொள்ளும் அந்தச் சாம்பல் நிற அட்டைக்குத் தேவை இருந்தே தீரும், ஏழு அட்டையை அடுக்கினால் இருநூற்றுப் பத்து முட்டை என்ற கணக்கில்தான் லாரிகள் ஊர் ஊராகப் போகின்றன. பழைய காகிதத்தைக் கூழாக்கி அச்சில் வார்த்து இந்த அட்டையைச் செய்வதே அவன் தொழிலாகப் போகிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு அனுமதிக்கப்படுகிறதென்றும், கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினர் பத்து சதவீதம் கைப்பணம் போட்டால் இருபத்தைந்து சதவீதம் மானியம் உண்டென்றும் விசாரித்து, ஆடிட்டர் ஒருவரைக் கொண்டு அறிக்கையும் தயாரித்துவிட்டான். "நீங்க ஒருதரம் கண்ணோட்டம் விட்டுக் குடுத்தாப் போதுங்க மாமா" என்றான்.

பார்த்தேன். யந்திரத்தின் விலை கடைசி ரூபாய் வரை எழுதப்பட்டிருந்தது. கொட்டகையின் தகர விலை, டிரான்ஸ்பார்மருக்குக் கட்டவேண்டிய வைப்புத்தொகை, ஆழ்துளைக் கிணற்றின் அடிக்கணக்கு எல்லாம் அப்பழுக்கில்லாமல் நின்றன. கடைசிப் பக்கத்தின் அடியில், ஒரே வரியில், ஒரு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்ற தொகைக்கு எதிரே, என் ஜன்ம விரோதியாகிய அந்த இரண்டு சொற்களும் உட்கார்ந்திருந்தன: இதர செலவுகள்.

இப்பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு இந்த விரோதத்தின் பூர்வோத்தரம் தெரியும். எங்கள் தெருக் கோயிலின் கும்பாபிஷேகக் கணக்கை முன்னிட்டும், பிறகு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கையை முன்னிட்டும் நான் எழுதியவற்றுக்கு வந்த கண்டனக் கடிதங்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனாலும் என் அபிப்பிராயம் மாறவில்லை. திருடுகிறவன் அந்த வரியை எழுதினால் அதில் ஒரு சாமர்த்தியமாவது இருக்கிறது. யோக்கியன் எழுதும்போதுதான் அது ஆபத்தாகிறது. ஏனென்றால், தான் சிந்திக்க மறந்த ஒவ்வொன்றையும் அதற்குள் தள்ளிவிட்டுச் சிந்தித்து முடித்ததாக அவன் நிம்மதியடைந்துவிடுகிறான்.

முட்டையைக் காக்கும் பெட்டியின் பூர்விகமே இதற்கு ஒரு திருஷ்டாந்தம். கனடாவின் மேற்கோரத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஆல்டர்மியர் என்ற சிற்றூரில், பண்ணைக்காரர் ஒருவர் ஓட்டலுக்கு அனுப்பும் முட்டைகள் வழியிலேயே உடைந்துபோவதும், அந்த நஷ்டம் யாருடையதென்று அவரும் ஓட்டல்காரரும் வாய்ச்சண்டை போடுவதுமாக இருந்தார்களாம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜோசப் காயில். எங்கள் ஜாதிக்காரர் ஒருவர் ஒரு சச்சரவைக் கேட்டு அதைத் தலையங்கமாக ஆக்காமல், ஒவ்வொரு முட்டைக்கும் தனி அறை வைத்த காகிதப் பெட்டி ஒன்றை 1911ஆம் ஆண்டில் செய்துகாட்டினார் என்பது உலக சரித்திரத்தில் அபூர்வமான சம்பவம். பின்னர் பத்திரிகையை விட்டுப் பெட்டித் தொழிலுக்கே போய்விட்டார். கூழை அச்சில் வார்க்கும் வித்தைக்குத் தகப்பன் வேறொருவர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மார்ட்டின் கீஸ் 1903ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். காயிலை நான் கொண்டாடுவதற்குக் காரணம் வேறு. உடைந்த முட்டை அதுவரை பண்ணைக்காரருக்கும் இதர செலவு, ஓட்டல்காரருக்கும் இதர செலவு. அந்த நஷ்டத்துக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் கொடுத்து, அதைத் தனியாக உற்றுப் பார்த்த பிறகுதான் பரிகாரம் பிறந்தது.

ஆகவே பையனை உட்காரவைத்து, அந்த ஒன்றரை லட்சத்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறதென்று விசாரித்தேன். விறகு என்றான், அச்சும் கம்பிவலையும் என்றான், மற்றும் சில்லறை என்றான். "எவ்வளவு விறகு?" என்றேன். "முக்காவாசி நாள் வெயில்லயே காஞ்சிருமுங்களே மாமா" என்றான். அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. முட்டை விலையை நான் கைவிட்டதும் அந்தக் கணத்தில்தான்.

இந்தத் தொழிலில் காகிதம் வாங்கி அட்டை விற்கிறோம் என்று நினைப்பது மேலெழுந்தவாரியான பார்வை. உண்மையில் நடப்பது நீரை விரட்டும் தொழில். பழைய செய்தித்தாளும் கிழிந்த அட்டைப்பெட்டியும் தொட்டியில் ஊறி, அரைபட்டு, நூறு பங்கில் ஏறக்குறைய ஒரு பங்கு நாரும் மற்றதெல்லாம் நீருமாக நீர்த்த பிறகே அச்சுக்கு வருகின்றன. அத்தனை நீர்த்திருந்தால்தான் நார் அச்சின் மேடுபள்ளங்களிலெல்லாம் சீராகப் படியும். காய்ந்தபின் எழுபது கிராம் நிற்கும் ஓர் அட்டைக்கு இவ்வாறு ஏழு லிட்டர் கூழ் வேண்டியிருக்கிறது. கம்பிவலை போர்த்திய அச்சு கூழில் முழுகி எழும்போது, பின்னாலிருந்து வேக்குவம் பம்பு இழுக்கும் இழுப்பில், அந்த ஏழு லிட்டரில் ஆறே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைய நீர் வலையின் வழியே வெளியேறித் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. அதற்கு மின்சாரக் கட்டணத்தோடு தீர்ந்தது. மிஞ்சுவது இருநூற்றெண்பது கிராம் எடையுள்ள ஈர அட்டை. அதாவது எழுபது கிராம் நாரும் இருநூற்றுப் பத்து கிராம் நீரும். கால் லிட்டருக்கும் குறைவான அந்த மிச்ச நீர் எந்தப் பம்புக்கும் மசியாது. அதை ஆவியாக்கித்தான் தீரவேண்டும்.

நாளொன்றுக்குப் பதினாயிரம் அட்டை என்று அறிக்கை சொல்கிறது. அப்படியானால் காகிதம் 700 கிலோ. ஆவியாக்க வேண்டிய நீர் 2,100 கிலோ. ஒரு கிலோ நீரை நம் ஊர் உஷ்ண நிலையிலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோகலோரி வெப்பம் வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். உலர்ந்த விறகு கிலோவுக்கு 3,500 தருமென்றும், அதில் பாதி சுவரோடும் புகைபோக்கியோடும் போய்விடுமென்றும் வைத்துக்கொண்டு பெருக்கி வகுத்தால், தினம் 730 கிலோ விறகு தேவைப்படுகிறது. காகிதத்தின் எடைக்கு எடை விறகு! காகிதத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிய அறிக்கையில் விறகு சில்லறையோடு சில்லறையாகக் கிடக்கிறது.

வெயில் இலவசந்தான், ஆனால் வெயில் விழும் நிலம் இலவசமன்று. அட்டை ஒவ்வொன்றும் சுமார் ஒரு சதுர அடி இடத்தை அடைக்கும். பதினாயிரத்தைப் பரப்ப இருபத்துமூன்று சென்ட் வேண்டும். ஆள் நடக்க வழி விட்டால் இன்னும் கூடும். பரப்பவும் புரட்டவும் பொறுக்கவும் கூலி கொடுக்கவேண்டும். ஒழுங்காகக் காயாத அட்டை கோணிக்கொண்டால் மறுபடி தொட்டிக்கே போகவேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அடைத்துப் பெய்யும்போது வானத்தை யார் ஒப்பந்தத்தில் கட்டிவைப்பது? வடநாட்டுக் குளிரை நம்பி இங்கிருந்து முட்டை ஏறப்போகும் பருவமும் அதுவே. அட்டைக்குக் கிராக்கி வலுக்கிற நேரத்தில் அட்டை காயாது.

கண்ணுக்குத் தெரியாமல் போகிற மற்றொன்று காலம். பழைய பேப்பர் வியாபாரி எடை போட்ட இடத்திலேயே பணம் கேட்பவன். கோழிப்பண்ணைக்காரரோ முட்டை விற்று வந்ததும் தருகிறேன் என்பவர். நாற்பத்தைந்து நாள் கடன் என்றால் முப்பத்தொன்பது வேலைநாள் சரக்கு பிறர் வீட்டில் இருக்கிறது. அறிக்கையின்படியே அட்டை இரண்டரை ரூபாயென்று கொண்டால், 9,75,000 ரூபாய் பையனுடையதாகவும் பையன் கையில் இல்லாததாகவும் இருக்கும். நடைமுறை மூலதனம் என்று அறிக்கை காட்டுவது இரண்டு லட்சம். இந்த வித்தியாசத்தைச் சில மாதங்கள் கைமாற்றில் ஓட்டிவிட்டுப் பிறகு யந்திரத்தை விற்கிறவர்களைப் பார்த்து, தொழில் சரியில்லை என்று ஊர் சொல்கிறது. தொழில் நன்றாகத்தான் இருந்தது. கணக்குத்தான் வரவேண்டிய பணத்தை வந்துவிட்ட பணமாக எழுதியிருந்தது.

யந்திரமும் கட்டடமும் ஒருமுறை வாங்கப்படுகின்றன. கையால் தொட்டுப் பார்க்கலாம். வங்கி அதிகாரி நேரில் வந்து எண்ணிவிட்டும் போகலாம். ஆவியாகிற நீரும், கடனில் கரையும் நாளும், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்கிற கம்பிவலையும், மழையில் சும்மா நிற்கும் ஆள்கூலியும் எவர் எண்ணிக்கைக்கும் அகப்படுவதில்லை. மறைந்துபோகிறவற்றை முன்கூட்டியே பெயர் சொல்லி அழைத்து வரிசையில் நிறுத்துவதற்குத்தான் வரவுசெலவுத் திட்டம் என்ற ஒன்று வேண்டியிருக்கிறது; நிற்கிறவற்றை எண்ணுவதற்குத் தராசும் முழக்கோலும் போதும்.

விறகுக்கு ஒரு வரி, வலைக்கும் அச்சுக்கும் ஒரு வரி, பம்பின் மின்சாரத்துக்கு ஒரு வரி, பண்ணைக்காரர் பாக்கிக்கு ஒரு வரி என்று பிரிக்கச் சொன்னேன். மழைக்காலத்து மூன்று மாதங்களைத் தனிப் பக்கத்தில் எழுதி, அந்த மூன்று மாதத்தில் கைமாற்று இல்லாமல் தப்ப முடிகிறதா என்று முதலில் பார். தப்பினால் மிச்ச ஒன்பது மாதத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்றும் சொன்னேன்.

"ஆடிட்டரு ஒத்துக்க மாட்டாருங்க மாமா, பேங்க் பாரத்துல அத்தனை வரிக்கு எடமில்லீங்க" என்றான்.

"தனித்தாளில் எழுதி இணைத்துக் கொடு, மாப்பிள்ளை, தவணை கட்டப்போகிறவர் ஆடிட்டர் அல்லர்" என்றேன்.

போய் டிரையருக்கு விலை கேட்டு வந்திருக்கிறான். அது யந்திரத்தின் விலையோடு போட்டி போடுகிறதாம். இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், அக்காளுக்கும் என்மேல் வருத்தந்தான். கடன் வாங்குவதற்கு முன் தூக்கி வைத்துக்கொள்ளும் முகத்துக்கு வட்டி கிடையாது.