வினவல்களில் உள்ளமைந்த செயற்கூறுகள்

செய்திகளை வரிசையும் நெடுவரிசையுமாகிய அட்டவணைகளிற் பகுத்து வைக்கும் உறவுநிலைத் தரவுத்தள முறையை, எட்கார் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வகுத்துக் காட்டினார். அவ்வழி நின்று சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட வினவுமொழியினின்று வளர்ந்ததே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குவது. அம்மொழியில் எண்ணுதற்குக் ‘கவுண்ட்’, கூட்டுதற்குச் ‘சம்’, சராசரி காண்டற்கு ‘ஏ.வி.ஜி.’ எனச் செயற்கூறுகள் பல உள்ளமைந்து கிடக்கின்றன. அவற்றை எங்ஙனம் கையாளல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தரவுகள் அனைத்தையும் வெளிக்கொணர்ந்து, தாமே நிரலெழுதிக் கணக்கிடுதலே நன்று என்பாரும் உளர். அது பொருந்தாது. 10,000 வரிசைகளின் கூட்டுத்தொகை ஒன்றே வேண்டுமாயின், அவ்வொன்றைத் தரவுத்தளமே கணித்துத் தருதல் எளிது. மூட்டைகளை எண்ணுதற்குக் களஞ்சியத்தையே வீட்டிற்குச் சுமந்து வருவார் உண்டோ? ஆகவே செயற்கூறுகளைக் கையாளவே வேண்டும். ஆயினும், அவை எவ்விதியால் இயங்குகின்றன என்றுணராது கையாளுதல் கேடு பயக்கும் என்பது என் துணிபு.

ஐந்து மாணவருள் நால்வர் 80, 70, 60, 50 மதிப்பெண் பெற்றனர்; ஐந்தாமவர் தேர்வெழுதாமையின் அவரிடம் வெறுமையாக விடப்பட்டது என்க. இவ்வெறுமையை ‘நல்’ என்பர், இது சுழியன்று. ‘ஏ.வி.ஜி.’ அதனை விலக்கி, 260-ஐ நான்கால் வகுத்து, 65 என விடை தரும். வெறுமையைச் சுழியாகக் கொள்ளின் சராசரி 52 ஆகும். சராசரி 60-க்குக் குறைந்த வகுப்பிற்கே தனிப்பயிற்சி என ஒரு விதி இருப்பின், அப்பயிற்சி கிடைப்பதும் கிடையாதொழிவதும் இவ்வேறுபாட்டில் தங்கியுள்ளன. வராத மாணவரை எங்ஙனம் கொள்வது என்பதைச் செயற்கூறு அறியாது. அதனை முடிவு செய்யவேண்டியவர் நாமே.

தமிழ் பயில்வார் சிறப்பாக நோக்கத்தக்கது மற்றொன்றுண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லிற்கு எழுத்து மூன்றென்பதைச் சிறுவரும் அறிவர். மை எஸ்.க்யூ.எல். தரவுத்தளத்தில் யூ.டி.எப்.-8 முறையில் வைத்த அச்சொல்லை, ‘சார் லெங்த்’ ஐந்தென்னும். பைட்டுகளை எண்ணும் ‘லெங்த்’ பதினைந்தென்னும். மிகரத்தின் இகரக் குறியும், ழகர மெய்யின் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகளாதலே ஐந்தென்றதன் காரணம். முதலிரண்டு எழுத்துக்களைத் தருக என ‘லெப்ட்’ என்பதனை ஏவின், ‘தமி’ என்னாது ‘தம’ என்றே தரும். தமிழ்ப்பெயர்களையும் அகராதிச் சொற்களையும் இங்ஙனம் வெட்டி வைப்போமாயின் நம் மொழியன்றோ சிதையும்?

இவற்றிற்காகச் செயற்கூறுகளைப் பழித்தல் முறையன்று. ஒவ்வொன்றும் தனக்கு வகுத்த விதியின்படியே விடை தந்தது. நாம் கேட்கக் கருதியது வேறு, கேட்டது வேறு. சூத்திரத்தை நெட்டுருச் செய்து அதன் உரையை நோக்காதவன் இலக்கணம் அறிந்தவனாகான். அங்ஙனமே, செயற்கூறின் பெயரை மட்டும் அறிந்தவன் வினவத் தெரிந்தவனாகான். ஆதலின், மாணவ நண்பர்காள், செயற்கூறுகளைத் தயங்காது கையாள்வீர். அதற்குமுன், ஒவ்வொன்றும் எதனை எண்ணுகின்றது, எதனை விலக்குகின்றது என்னும் இவ்விரண்டையும் தெளிந்துகொள்வீர்.