பத்தாயிரம் காலடி என்னும் பிரமை

இராயபுரத்தில் எங்கள் தெருவில், துறைமுகத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இரவு பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கி, கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் மட்டும் மிஞ்சியிருக்கும் வேளையில், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் இடையே போவதும் வருவதுமாக இருப்பதைப் பல நாள் கண்டிருக்கிறேன். விசாரித்தால் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, "இன்னும் எழுநூறு பாக்கி சார்" என்பார். தவணைக் கெடு நெருங்கிய கடன்காரனின் கலக்கம் அவர் முகத்தில் தெரியும். காலையில் ராபின்சன் பூங்காவில், 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த அந்த இடத்தில், பழைய சிநேகிதர் எதிர்ப்பட்டாலும் அவர் நிற்பதில்லை. நின்றால் கணக்கு நின்றுவிடுமாம்.

அளந்து பார்க்காத தேகப்பயிற்சி வீண் என்றும், நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி நடவாதவன் தன் சரீரத்துக்கே துரோகம் செய்கிறான் என்றும் இன்று படித்தவரும் பாமரரும் ஒருமித்துக் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை நான் அடியோடு மறுக்கிறேன்.

டோக்கியோவில் 1964-இல் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்து முடிந்த உற்சாகம் தணியுமுன், அடுத்த வருஷமே ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் காலடி மானி, என்று நாமகரணம் செய்தது. வியாபாரி சூட்டிய பெயரை உலகம் வைத்திய விதியாக ஏற்றுக்கொண்டது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வயது முதிர்ந்த அமெரிக்க மாதர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவில், நாளைக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை.

எண் பிசகானாலும் அளப்பது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. தீங்கு அங்கேதான் ஆரம்பமாகிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், காலடியை அளந்துகொண்டு நடந்தவர்கள் அதிகம் நடந்தார்கள். நடையில் அவர்கள் கண்ட இன்பமோ குறைந்தது. இன்பம் வற்றிப்போன காரியத்தை மனிதன் எத்தனை நாள் விரும்பிச் செய்வான்? இருதய நோயாளிக்கு வைத்தியர் சொன்னால் அவர் கணக்கு வைக்கட்டும்; பந்தயத்துக்குப் பழகும் வாலிபனுக்கும் கடிகாரம் வேண்டும். மற்றவர்களுக்கு ஏன் இந்த நித்தியக் கடன்?

ஏழுகிணற்றில் வசித்த இராமலிங்க சுவாமிகள் திருவொற்றியூருக்கு நடந்தே சென்று தியாகேசரையும் வடிவுடையம்மனையும் தரிசித்து வந்தார் என்பது இந்தப் பிராந்தியத்தில் சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. பக்தி இழுத்தது, கால்கள் பின்தொடர்ந்தன. அவ்வளவு தூரம் போகவேண்டாம்: கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கிடையே மிஞ்சிய மணல் துண்டில், அதே திருவொற்றியூர்ப் பையன்கள் சாயங்காலம் பந்து உதைப்பதைச் சற்றே நின்று பாருங்கள். பந்து பாறை இடுக்கில் சிக்கினால் நாலு பேர் வெறுங்காலோடு தாவி இறங்குகிறார்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இருட்டிய பிறகும், வீட்டிலிருந்து கூப்பிடும் குரல் இரண்டாம் தரம் கேட்கும்வரை ஒருவனும் அசைவதில்லை. எத்தனை கலோரி கரைந்தது என்று அவர்கள் கேட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் தெருப் பெரியவரையும் அவரைப் போன்ற வாசகர்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: நாளைக் காலை பூங்காவில் பழைய சிநேகிதர் எதிர்ப்பட்டால், நின்று அவரிடம் க்ஷேமம் விசாரியுங்கள்; பிறகு அவர் நடக்கும் வேகத்திலேயே அவரோடு கூட நடந்து வாருங்கள்.