சீட்டு நோட்டுக்கு ஓர் இருக்கை

சொவெட்டோவில் ஒரு வீட்டு முன்னறை, ஞாயிறு மதியம். பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருக்கிறார்கள். பொருளாளர் நோட்டைத் திறந்து பெயர் பெயராக வாசிக்கிறார். பெயருக்குரியவர் பணத்தை நீட்ட, அது எல்லார் கண்ணெதிரே எண்ணப்பட்டு நோட்டில் ஏறுகிறது. தெருவில் சீட்டுக் கட்டிப் பழகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் இதன் பெயர் ஸ்டாக்வெல். சேர்ந்த பணத்தில் டிசம்பரில் சோளமாவு மூட்டை, சர்க்கரை, எண்ணெய் என்று மொத்தமாக வாங்கிப் பங்கு பிரிப்பவர்கள் உண்டு. சாவுச் செலவுக்கென்றே நடக்கும் சங்கங்களும் உண்டு. சுரங்க வேலைக்கு ஜோஹன்னஸ்பர்க் வந்தவன் அங்கேயே இறந்துபோனால் உடலை யார் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கவலைதான் அவற்றை வளர்த்தது. நாட்டின் ஸ்டாக்வெல் சங்கம் சொல்லும் மதிப்பீடு சுமார் 8 லட்சம் குழுக்கள், 1.1 கோடி உறுப்பினர்கள்.

உலகம் எழுதும் உதவிக் கணக்குகளில் இந்தப் பணத்துக்கு இடமில்லை. அங்கே ஆப்பிரிக்கா என்றால் எப்போதும் வாங்கும் கை. அந்தக் கணக்கைத் திருத்தும் வேலையைத்தான் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் சிலர் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கொடைக்கென ஓர் ஆய்விருக்கையாகத் தொடங்கியது, இன்று கொடையையும் சமூக முதலீட்டையும் ஆராயும் தனி மையமாக வளர்ந்திருக்கிறது. முனைவர் பட்டம் வரை படிக்கலாம். இயக்குநர் பெகிங்கோசி மோயோ. பேராசிரியர் ஆலன் ஃபௌலர் அந்த இருக்கையில் அமர்ந்தவர்.

இவர்கள் வந்த வழியைப் பார்த்தால் மையத்தின் போக்கு புரியும். 2005இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. சூசன் வில்கின்சன்-மபோசாவோடு அதை எழுதியவர்களில் ஃபௌலரும் ஒருவர். மொசாம்பிக், நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளில் ஏழைகளிடம் போய், ‘யார் யாருக்கு உதவுகிறீர்கள், ஏன்?’ என்று அவரவர் மொழியிலேயே கேட்டார்கள். மேலிருந்து கீழே இறங்கும் தானத்தைவிட, இல்லாதவர் இல்லாதவருக்குப் பக்கவாட்டில் நீட்டும் கை அந்த வாழ்க்கையில் பெரியது என்று தெரிந்தது. அது தாராள மனத்தின் விளையாட்டு அல்ல, கடமை. கொடுக்க மறுத்தவருக்கு ஊரில் மரியாதை போய்விடும். மொய் நோட்டு வைத்திருக்கும் எவருக்கும் இது புதுச்செய்தி இல்லைதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அது புதுச்செய்தியாக இருந்தது.

மோயோ வந்த வழி வேறு. செனகலின் டக்காரில் இருக்கும் டிரஸ்ட்ஆப்பிரிக்கா அறக்கட்டளையிலும், பிறகு சதர்ன் ஆப்பிரிக்கா டிரஸ்டின் தலைமையிலும் இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். டிரஸ்ட்ஆப்பிரிக்காவே அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையின் முயற்சியாக 2001இல் பிறந்து, 2006இல்தான் ஆப்பிரிக்க நிறுவனமாகத் தனியே நின்றது. ஆக, பிறர் பணத்தில் சொந்தக் குரலைக் கண்டெடுத்த தலைமுறை இது. அதில் குறை காண ஏதுமில்லை. அந்தச் சங்கடத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் என்பதே அவர்களுடைய தகுதி.

இவர்கள் வேலை சரியானது, தேவையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் அதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதில்தான். 2025 ஜூலையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடப்பட்ட பிறகு, ‘ஆப்பிரிக்கர்கள்தான் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்களே’ என்ற பேச்சு பலருக்கு வசதியாகிவிட்டது. கைகழுவுகிற வெளிநாட்டுக்கும் வசதி, வரிப்பணத்துக்குக் கணக்குக் காட்டாத உள்நாட்டு அரசுக்கும் வசதி. சாவுச் சங்கத்தின் நோட்டு ஓர் உடலைக் கிழக்குக் கேப்பின் கிராமம் வரை கொண்டுசேர்க்கும். ஒரு தேசத்துக்கு எச்.ஐ.வி. மருந்து வாங்க அந்த நோட்டால் முடியாது.

மக்கள் கொடையை அதிகாரம் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்வதற்குக் கென்யா நல்ல பாடம். 1963இல் விடுதலை பெற்றதும் ஜோமோ கென்யாட்டா எழுப்பிய முழக்கம் ஹராம்பே, எல்லாரும் சேர்ந்து இழுப்போம் என்பது பொருள். ஊரார் காசு போட்டு உயர்நிலைப் பள்ளிகள் கட்டினார்கள். போகப்போக அந்தக் கூட்டங்களுக்கு அரசியல்வாதிகள் பணப்பையோடு வந்து இறங்கினார்கள். கொடை வாக்கு வாங்கும் முதலானது. கடைசியில், இளைஞர் போராட்டத்துக்குப் பிறகு 2024 ஜூலையில், அரசுப் பதவியில் இருப்போர் ஹராம்பேயில் பங்கேற்கக் கூடாது என்று அதிபர் வில்லியம் ரூட்டோ அறிவிக்க வேண்டி வந்தது. அரசு செய்ய வேண்டியதை மக்களே செய்துகொண்ட பழைய அனுபவம் தென்னாப்பிரிக்காவுக்கே உண்டு. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர் உள்ளிட்ட இந்தியர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பெரும்பகுதி அந்தச் சமூகம் தன் காசில் எழுப்பியது. வெள்ளை ஆட்சி மானியம் கொடுத்ததோடு நின்றுகொண்டது. அந்தப் பெருமையைச் சொல்லும்போது, கட்டவேண்டியவர்கள் கட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெருஞ்செல்வர்கள் விஷயத்தில் மையத்துக்கு இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சொத்தின் வருமானத்தில் பாதியையாவது தானத்துக்கு என 2013இல் உறுதியளித்தவர் தென்னாப்பிரிக்கச் சுரங்க அதிபர் பட்ரீஸ் மோட்செபே. நைஜீரியாவின் சிமென்ட் அதிபர் அலிகோ டாங்கோட்டே 2014இல் தன் அறக்கட்டளைக்கு 125 கோடி டாலர் ஒதுக்கினார். பெரிய மனம்தான். ஆனாலும் அந்தச் செல்வம் எப்படிச் சேர்ந்தது, அரசின் சலுகைகளுக்கு அதில் என்ன பங்கு, கொடையைப் பெறுகிறவர் எதிர்க்கேள்வி கேட்க முடியுமா என்பதெல்லாம் ஆராய வேண்டிய விஷயங்கள். தொழிலதிபர்கள் சிறப்பு விருந்தினராக வந்துபோகும் வணிகப் பள்ளிக்குள் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது எளிதல்ல. அதனால்தான் மையம் எந்த ஒரு கொடையாளரின் தயவிலும் நிற்கக் கூடாது என்கிறோம். ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும், முடிந்தால் ஸ்டாக்வெல் கூட்டமைப்புகளும் அதற்குக் காசு போடட்டும்.

சொவெட்டோவின் அந்த அறையில் பொருளாளர் வாசித்து முடித்ததும் யார் வேண்டுமானாலும் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். மோட்செபே, டாங்கோட்டே அறக்கட்டளைகளின் நோட்டையும் அதேபோல் கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டியவர்கள், மோயோவும் அவருடைய மாணவர்களும்தான்.