கிட்டிப்புள் ஆடியவனுக்கு கோல்ஃப் வராதா?

"சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒரு பெரிய கோல்ஃப் மைதானம் வந்தால்தான் நம்ம பசங்க கோல்ஃப் கத்துக்க முடியும்" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். சுத்தப் பேத்தல்! பதினெட்டு குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், அதற்குத் தினமும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். குடிநீருக்கே மேட்டூரைப் பார்க்கும் ஊரில் இது யாருக்காக?

சரி, மைதானம் இல்லாமல் என்ன கற்க முடியும்? ஆட்டத்திலேயே கஷ்டமான ஒன்றைக் கற்கலாம். உயரமாக எழும்பி, பொத்தென்று விழுந்து, ஓடாமல் நிற்கும் அடி. லாப் ஷாட் என்பார்கள். நடுவே மணல் பள்ளம், அதைத் தாண்டியதும் கொடி என்றால் இதுதான் வழி. இதற்கு முப்பது கஜ இடம் போதும்.

புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பந்தைத் தூக்கப் பார்ப்பது. மணிக்கட்டை மடக்கி, அகப்பையில் சோறு அள்ளுவது மாதிரி அள்ளுவார்கள். பந்து தரையோடு சீறும். கிட்டிப்புள்ளில் புள்ளை யாராவது கையால் தூக்கிவிடுகிறார்களா? நுனியில் கீழ்நோக்கித் தட்டினால் அதுவே எகிறுகிறது. இங்கேயும் தூக்கும் வேலை வெட்ஜின் சாய்வுடையது. 56 அல்லது 60 டிகிரி சாய்வு சும்மாவா வைத்திருக்கிறார்கள்? முகத்தைத் திறந்து வைத்த பிறகு பிடியைப் பிடிக்க வேண்டும் (பிடித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினால் அடிக்கும்போது அது பழைய நிலைக்கே வந்துவிடும்). எடை முன்காலில். வீச்சு நீளமாக, பாதியில் பயந்து நிறுத்தாமல்.

வீடியோக்களை அப்படியே நம்புவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அவை மெத்தைப் புல்லில் எடுத்தவை. நம் செம்மண் கட்டாந்தரையில் முகத்தை அகலத் திறந்தால் வெட்ஜின் அடிப்புடைப்பு, அதாவது பவுன்ஸ், தரையில் மோதித் துள்ளும். விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். ஆகவே இங்கே பவுன்ஸ் குறைந்த வெட்ஜ், முகம் கொஞ்சமே திறப்பு, முதலில் பந்து பிறகு மண். உயரம் சற்றுக் குறையும், குறையட்டும். கட்டாந்தரையில் சுத்தமாக எடுக்கப் பழகியவனுக்குப் புல் தரை சுலபம். எங்கே இறங்க வேண்டும் என்பதற்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் போதும். மெதுவாக இறக்குவதைப் பற்றி முட்டை ஏற்றி இறக்கும் நாமக்கல்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் :)

"இதெல்லாம் பணக்காரன் ஆட்டம்" என்று ஒதுங்குபவர்களும் கொஞ்சம் கேட்கட்டும். ஸ்பெயினின் செவே பயஸ்டெரோஸ் சிறுவனாகக் கடற்கரை மணலில் ஒரே ஒரு 3 அயர்னை வைத்துப் பழகினார். பிறகு 5 மேஜர் பட்டங்கள். 1991ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர் கேடியாக இருந்தவர். 2009ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் கேடிதான். அவ்வளவு தூரம் ஏன்? சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கரைப் பழகியது டென்னிஸ் பந்தில். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார்.

நூறு ஏக்கர் கேட்டு மனு எழுதுபவர்கள் அதை மாற்றி எழுதலாம். கல்லூரி மைதானத்தில் ஒரு மூலை, ஒரு தேங்காய் நார் மெத்தை, பொதுவில் இரண்டு பழைய வெட்ஜ். நேரம் காலை ஆறு மணி, கிரிக்கெட்காரர்கள் வருவதற்கு முன். எதிரே யாரும் நிற்கக்கூடாது. தப்பாகப் பட்ட கோல்ஃப் பந்து மண்டையை உடைக்கும்.